வாணலியில் கூடிய இரு தேசங்கள்

பெரு தேசத்து இல்லங்களில் இராப்போஜனமாகச் சமைக்கப்படும் 'லோமோ சல்தாதோ'வை, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்த வெறும் கலவை என்று கருதுவோர் அதன் சரித்திரத்தை அறியாதவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். 1849 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு, கரும்புத் தோட்டங்களிலும் கடற்பறவை எச்சம் வெட்டும் தீவுகளிலும் சொல்லொணாத் துயரம் அனுபவித்த சீனர்கள், தங்கள் வாணலி வித்தையையும் சோயா சாஸையும், ஆண்டிஸ் மலைச்சாரலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைந்துவரும் உருளைக்கிழங்கோடு இணைத்ததன் பலனே இப்பதார்த்தம்.

இதில் பிரதானம் அக்கினியே. நீளவாக்கில் நறுக்கிய இறைச்சியை, புகை எழக் காய்ந்த வாணலியில் சிறிது சிறிதாக இட்டு, நிறம் மாறியவுடன் எடுத்துவிட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சூடு தணிந்து, நீர் விட்டு, வறுபடாமல் வெந்துபோகும். பிறகு வெங்காயம், தக்காளி, மஞ்சள் மிளகாய், சிறிது காடி, பக்கத்தில் சோறு. வறுவலைத் தனியே வைப்பாரும் உண்டு. ஆனால் கடைசி நிமிஷத்தில் அதையும் வாணலியிலிட்டுப் புரட்டி, ஓரம் மொறுமொறுக்க, உள்ளே இறைச்சியின் சாறு ஊற, ஆவி பறக்கப் பரிமாறுவதையே நான் சிலாக்கியமாகக் கொள்கிறேன்.