கடைமடை வயிறு

அல்சர் என்றால் மதுரையில் குற்றவாளி எப்போதும் ரெடி. ராத்திரி பதினொரு மணிக்கு சால்னாவில் குளிப்பாட்டிய புரோட்டா. ‘கொஞ்சமாத் தின்னாத்தான என்ன?’ என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லி விடுவார்கள். 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்து, மடக்கென்று தானே குடித்து, இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். வீட்டம்மா என்ன சொன்னாரோ தெரியாது; 2005-ல் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். பெரும்பாலான அல்சருக்கு அந்தக் கிருமியும், நாம் முழுங்கும் வலி மாத்திரைகளும்தான் காரணம். புரோட்டா ஜாமீனில் வெளியே வந்து விட்டது.

ஆனால் இந்த இரண்டும் இல்லாமலே வருகிற அல்சர் ஒன்று உண்டு. அது ஐ.சி.யூ.வில் படுத்திருப்பவரைத் தேடி வரும்.

ரிங் ரோட்டில் பைக் விபத்து என்று வைத்துக் கொள்ளுங்கள். தலையில் பலத்த அடி, வெண்டிலேட்டர். மூன்றாம் நாள், மூக்கு வழியே வயிற்றுக்குப் போட்ட குழாயில் காபித் தூளைக் கரைத்த மாதிரி ஏதோ வருகிறது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மச்சான் கேட்கிறார்: “அடி தலையிலதான டாக்டர்? வயித்துல எப்படி ரத்தம்?”

நியாயமான கேள்வி. பதில் மேலூர் விவசாயிக்குத் தெரியும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. உடம்பிலும் அதே முறைப்பாசனம்தான். ரத்த அழுத்தம் இறங்கினால் இருக்கிற ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடப்படும். வயிறு கடைமடை. இரைப்பையின் உள்சுவரைக் காக்கிற சளிப்பூச்சு, ரத்த ஓட்டம் குறைந்ததும் வலுவிழக்கும். ஆசிட் மட்டும் லீவு போடாமல் டியூட்டிக்கு வந்து விடும். சுவர் அரிக்காமல் என்ன செய்யும்?

தலைக் காயத்தில் ஆசிட் ஓவர்டைம் வேறு பார்க்கும். மூளைக்கும் வயிற்றுக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஹார்வி குஷிங் 1932-ல் எழுதினார். அதற்கும் முன்பே, 1842-ல், தீக்காயம் பட்டவர்களுக்கு முன்சிறுகுடலில் புண் வருவதை கர்லிங் என்ற லண்டன் சர்ஜன் சொல்லி விட்டார்.

வம்பு என்னவென்றால், இந்தப் புண் சத்தம் போடாது. மயக்க மருந்தில் இருப்பவர் ‘வயிறு எரியுது’ என்று எப்படிச் சொல்வார்? குழாயில் காபித் தூள், தார் மாதிரி கறுத்த மலம், காரணமில்லாமல் ஏறும் நாடித் துடிப்பு, இறங்கும் ஹீமோகுளோபின். இவற்றைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் நைட் டியூட்டி நர்ஸ்தான்.

அப்படியானால் படுத்தவருக்கெல்லாம் ஆசிட் மாத்திரை கொடுத்து விடலாமே? அங்கேதான் கதை சுவாரஸ்யம். 1994-ல் கனடாவில் டெபோரா குக் என்ற டாக்டரின் குழு 2,252 ஐ.சி.யூ. நோயாளிகளைக் கவனித்தது. இரண்டு நாளைக்கு மேல் வெண்டிலேட்டரில் இருந்தவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள் ஆகிய இரு கூட்டத்துக்குத்தான் ஆபத்து, அவர்களில் 3.7 சதவீதம் பேருக்குப் பெரிய ரத்தக் கசிவு. மற்றவர்களுக்கு? ஆயிரத்தில் ஒருவர். கசிந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிழைக்கவில்லை. எல்லாம் அல்சரால் அல்ல. அவ்வளவு முற்றிய நோயாளிகள்.

அதே குக் அம்மையார் 2024-ல் விடாமல் திரும்பி வந்தார். 4,821 வெண்டிலேட்டர் நோயாளிகள். பான்டோபிரசோல் போட்டவர்களில் பெரிய கசிவு 1 சதவீதம், போடாதவர்களில் 3.5. கசிவு குறைந்தது. இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஆக, அந்த ஊசி யாருக்கு என்று கணக்கு இருக்கிறது. நாம்தான் கணக்கை மறந்து விட்டோம். ஐ.சி.யூ.வில் தொடங்கியது டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறி, மாமாவின் காலை டிபனோடு நாலு வருஷமாக ஓடிக் கொண்டிருக்கும். ஏன் என்று மாமாவுக்கும் தெரியாது, மெடிக்கல் ஷாப் பையனுக்கும் தெரியாது. வருஷக் கணக்கில் போட்டால் சிலருக்கு பி-12, மெக்னீசியம் குறையும். அதற்காக மாமாவே நிறுத்தி விடக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளி போன்ற சிலருக்கு அது அவசியம். டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்து மயக்கம் வருவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு கேள்வி: “ஸார், இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு?”

பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். மாமா மறந்து விடுவார்.