ஏட்டுக் குறியீடுகளும் கணினித் தரமும்

காவிரிப் படுகை உழவர்கள் இன்றும் நிலத்தை 'மா' என்னும் அளவால் குறிப்பிடுகின்றனர். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இருபதில் ஒரு பங்கு என்னும் பின்னத்திற்கும் மா என்பதே பெயர். எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடம்பெற்ற இப்பின்னங்களைத் திண்ணைப் பள்ளி மாணவர்கள் எண்சுவடி வழியே மனப்பாடம் செய்தனர்.

இவற்றுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. எனினும், நெடுங்காலம் அவற்றுட் பல கணினியில் எழுத்துகளாக இடம்பெறவில்லை. மின்பக்கங்களில் படங்களாகவே ஒட்டப்பட்டன. படத்தைக் கண் காணும், தேடுபொறி காணாது. உரையை ஒலியாக்கும் மென்பொருளும் அதைப் படிக்காது. பார்வைத்திறன் குன்றிய மாணவருக்கு அவ்விடம் வெற்றிடமே.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் தரம் ஒருங்குறி. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில், தமிழ்ப் பின்னங்களுடன் நெல், குறுணி, பதக்கு, வேலி, நன்செய், புன்செய் முதலியவற்றின் குறியீடுகளுமாக 51 குறியீடுகள் சேர்க்கப்பட்டன. இதற்கு அடித்தளம் ஆய்வே. ஏட்டுக்கு ஏடு வடிவம் மாறும்போது, அவை இரு குறியீடுகளா, ஒரே குறியீட்டின் இரு வடிவங்களா என்பதைச் சுவடியும் கல்வெட்டும் பயின்றவரே தெளிவுபடுத்த இயலும். ஒருங்குறியில் ஒருமுறை ஏற்ற எழுத்தை நீக்குவதில்லை. அதன் பெயரையும் மாற்றுவதில்லை. ஆகவே, ஆராயாமல் வகுக்கும் தரத்தின் பிழை நிலைத்துவிடும்.

வழக்கொழிந்த குறியீடுகளுக்கு இத்துணை உழைப்பு வேண்டுமா எனச் சிலர் வினவலாம். நம் முன்னோரின் நிலக்கணக்கும் நெற்கணக்கும் இக்குறியீடுகளால் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்க இயலாவிடின், அவ்வரலாறு நமக்கு எட்டாமற்போகும்.

எண் வழங்கியதோடு பணி முடிந்துவிடாது. அக்குறியீடுகளைக் காட்டும் எழுத்துருக்களும் உள்ளிடும் விசைப்பலகைகளும் பரவலாக வேண்டும். மின்பாடங்களில் அவை படங்களாக அன்றி எழுத்துகளாகவே இடம்பெற வேண்டும். ஆய்வு தரத்திற்கு உண்மையைத் தருகிறது. தரம் ஆய்வை வகுப்பறைக்குக் கொண்டு வருகிறது. ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.

மாணவர்களே! உங்கள் வீட்டு முதியோரிடம் மா, காணி பற்றிக் கேளுங்கள்; அவற்றின் குறியீடுகளைக் கணினியில் எழுதிப் பாருங்கள். சுவடியையும் கணினியையும் ஒருங்கே கற்பவரே நாளை இப்பணியைத் தொடர முடியும்.