பிணைப்பு யார் கழுத்தில்?

‘எங்களுக்கும் மலைக்காரங்களுக்கும் பிரிக்கவே முடியாத பிணைப்பு.’ கள்ளக்குறிச்சிப் பக்கம் மேடையேறுகிற பெரிய மனிதர்கள் வாய்க்கு வாய் சொல்கிற வார்த்தை இது. கேட்க இனிக்கிறது. ஆனா, கரியாலூர்க்காரனுக்கு இனிக்குமா?

பிணைத்தல் என்றால் கட்டுதல். களத்தில் போரடிக்க மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டி ஓட்டுவதற்குப் பெயர் பிணையல். ஜாமீனுக்குப் பெயர் பிணை. பிடித்து வைத்த ஆள் பிணைக்கைதி. ‘பந்தம்’ என்கிற வடசொல்லுக்கும் கட்டு என்றுதான் பொருள். ஆக, பிரிய மனமில்லாதவர்களுக்கும் பிரிய விடப்படாதவர்களுக்கும் ஒரே சொல்! கட்டியவன் அதை அன்பு என்கிறான். கட்டுப்பட்டவனைக் கேட்டு யார் அகராதி எழுதினார்கள்?

கல்வராயன் மலையில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். மலையாளிப் பழங்குடிச் சனம் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாம வெட்டி வேலை செய்தது. அடிமைமுறை 1843-லேயே சட்டப்படி செல்லாது என்றாகிவிட்டதாம். ஆனால் ஜாகிர்தார் பிடியிலிருந்து மலை விடுபட்டது 1976-ல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-ல்தான். கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்புக்குப் பெயர் வெட்டி. இன்றைக்கு வேலையில்லாதவனை ‘வெட்டிப்பய’ என்கிறோம். வாங்கித் தின்னவனை விட்டுட்டு உழைச்சவன் மேலயே வசவு!

கீழே சேரியிலும் இதே கதைதான். படியளந்து கட்டிப் போட்டவனைப் படியாள் என்றார்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்றும் சொன்னார்கள். பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. படியாளுக்கு?

கயிறு அறுந்துவிட்டதா? இல்லை, மாறியிருக்கிறது. இன்று அதன் பெயர் முன்பணம். வாங்கினவன் கணக்கு தீரும்வரை நகர முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. பிரிக்க முடியாத பிணைப்புக்காரர்கள் அதுவரை எங்கே போயிருந்தார்கள்?

சேர்ந்து வாழ நமக்கும் ஆசைதான். ஆனா, வேண்டாம்னா எழுந்து போற உரிமை உள்ளவனுக்குத்தான் உறவு என்ற சொல் பொருந்தும். அந்த உரிமை வார்த்தையில் இல்லை. காலடியில் இருக்கிற நிலத்தில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி உழுகிற நிலத்துக்குப் பட்டா கொடுங்கள், செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள். பிணைப்பா இல்லையா என்பதை அப்புறம் நாங்களே சொல்லிக்கிறோம்.