மாத்திரை சாப்பிடும் பிள்ளையை அடிக்காதீர்கள்!

சில பிள்ளைகள் ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள். பாடத்தில் மனம் நிற்காது. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். எல்லாமே குறும்பு அல்ல. கவனக் குறைபாடு என்னும் கோளாறாகவும் இருக்கலாம்.

இதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, மெத்தில்பெனிடேட். சுவிட்சர்லாந்தில் சிபா கம்பெனி விஞ்ஞானி பனிஸ்ஸோன் 1944-ம் ஆண்டில் இதைத் தயாரித்தார். தன் மனைவி ரீட்டாவின் பெயரையொட்டி "ரிட்டலின்" என்று பெயர் சூட்டினார்.

மனதை ஒருநிலைப்படுத்தும் மருந்துக்கும் சிறுநீர்ப் பைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு.

இரண்டு விதம்

நரம்புகளில் நார்-அட்ரினலின் என்னும் ரசாயனத்தின் வேலையை இந்த மருந்து கூட்டுகிறது. சிறுநீர்ப் பையின் வாயை இறுக்குவதும் அதே ரசாயனம்தான். அதனால் சிலருக்குச் சிறுநீர் எளிதில் பிரிவதில்லை. கழிப்பறையில் வெகுநேரம் தவிக்கிறார்கள்.

இன்னொரு விதமும் உண்டு. கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகப் படுக்கையை நனைக்கிறார்கள். பகலில் துணியை நனைப்பதும் உண்டு. விளையாட்டு மும்முரத்தில், "பை நிரம்பிவிட்டது" என்ற செய்தி மனதில் பதிவதில்லை. மருந்தினால் கவனம் கூடியதும், சிலருக்கு இந்தத் தொல்லை குறைகிறது.

ஒரே மாத்திரைதான். ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு உபத்திரவம்!

யார் குற்றம்?

இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழி இங்கே செல்லாது. அடிக்குப் பயந்த பிள்ளை விஷயத்தை மறைக்கும். சிறுநீரை அடக்கும். தண்ணீர் குடிக்காமலே இருக்கும். தொல்லை பெருகும்.

பெற்றோர் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு நாளில் எத்தனை தடவை சிறுநீர் போகிறது, மாத்திரை சாப்பிட்டபின் எந்த நேரத்தில் கஷ்டம் என்று குறித்து வைத்துக் காட்ட வேண்டும். டாக்டர் அளவைக் குறைக்கலாம்; மருந்தையே மாற்றலாம். பெற்றோர் தாங்களாக நிறுத்துவதும் தவறு, கூட்டுவதும் தவறு.

எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால், மருந்தை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. கிருமி தாக்கியிருக்கலாம். அடிவயிறு வலித்து, சிறுநீரே வராமல் நின்றுவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பொறுப்பு உண்டு. வெளியே போய்வர அனுமதி கேட்கும் பிள்ளையை, "உட்கார்!" என்று அதட்டக் கூடாது. உடனே அனுப்ப வேண்டும்.

மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கும் கைகள், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கவும் வேண்டும். வீட்டில் சொன்னால் அடி விழாது என்று தெரிந்தால்தான், பிள்ளை வாய் திறக்கும்.