எடுத்ததைத் திருப்பித் தரும் குளங்கள்

பள்ளிப் பாடப்புத்தகத்தில் உணவுச் சங்கிலி என்றொரு படம் இருக்கும். புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை, தவளையைப் பாம்பு, பாம்பைப் பருந்து. நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பாடம் கண்ணெதிரே நடக்கும் இடம் கொல்கத்தாவின் கிழக்குப் புறவழிச்சாலைக்கு அப்பால் இருக்கிறது என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்?

இந்நகரின் நிலச்சரிவு ஹூக்ளி ஆற்றை நோக்கி அல்ல, கிழக்கு நோக்கி. லேக் மார்க்கெட் பக்கத்தில் நாம் அரிசி கழுவிய நீரும் குளியலறை நீரும் கால்வாய்கள் வழியே கிழக்கே போகின்றன. அங்கே 'பேரி' எனப்படும் மீன் குளங்கள் இருநூறுக்கும் மேல் உள்ளன. நெல்வயல்களும் தாப்பாவின் காய்கறித் தோட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு. 2002ஆம் ஆண்டில் இது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

அங்கே நடப்பது எளிய கணக்கு. குளத்தில் ஆழம் குறைவு. வெயில் நன்றாக உள்ளிறங்கும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து நைட்ரஜனையும் பாஸ்பரசையும் விடுவிக்கின்றன. பாசி அவற்றை உண்டு வெயிலில் வளர்கிறது; வளரும்போதே நீரில் பிராணவாயுவைக் கலக்கிறது. அதனால் நுண்ணுயிர்களின் வேலை மேலும் விரைவாகிறது. பாசியை வெள்ளிக் கெண்டை தின்கிறது. பாசியைத் தின்னும் நுண்விலங்குகளைக் காத்லா தின்கிறது. காத்லா நம் சந்தைக்கு வருகிறது. மீனே தொடாத வீடுகளுக்கு அதே கழிவுநீர் தாப்பா தோட்டத்துக் காலிஃபிளவராகவும் கீரையாகவும் வந்து சேர்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றலின் வழி வேறு, சத்துக்களின் வழி வேறு. சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே மேலே போகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. போனது போனதுதான். ஆனால் சூரியன் நாளைக்கும் இலவசமாகத் தருவான். பாஸ்பரசை அப்படித் தருவார் யாருமில்லை. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கோ நீருக்கோ திரும்பினால்தான் அடுத்த விளைச்சல். கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடித்த நம் பாட்டன்மார் ஏட்டுப் படிப்பில்லாமலே இதை அறிந்திருந்தார்கள். பெரும்பாலான நகரங்கள் இந்தச் சுற்றை அறுத்துவிட்டன. கொல்கத்தாவின் மீனவர்களும் உழவர்களும் அதைக் கட்டிக் காத்து வருகிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் இதன் அருமையை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர், மேற்கு வங்க அரசின் பொறியாளராக இருந்த துருவஜோதி கோஷ். 2018இல் அவர் மறைந்தார். அவர் வலியுறுத்தியது இதைத்தான்: இக்குளங்கள் போனால் அதே வேலையைச் செய்ய, பெருஞ்செலவில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டும், மின்சாரச் செலவும் தனி.

"சாக்கடை நீரில் வளர்ந்ததா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. தொழிற்சாலைக் கழிவு கலந்தால் ஆபத்து என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆற்றல் படிக்குப் படி குறையும். பாதரசம் போன்ற நஞ்சோ படிக்குப் படி பெருகும். அதற்கு வழி, நஞ்சைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்துவதுதான். குளத்தைத் தூர்ப்பது வழியாகாது.

ஆனால் தூர்ப்பதுதான் நடக்கிறது. இப்பகுதியைக் காக்க 1992இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2006இல் தனிச் சட்டமே வந்தது. இருந்தும் மண் லாரிகள் ஓயவில்லை. தூர்த்த மனையில் எழும் வீடுகளை வாங்குவோர் யார்? சேமிப்பையெல்லாம் திரட்டிச் சொந்த வீடு தேடும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும்தான். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் மௌஜா பெயரையும் தாக் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அவை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். உங்கள் பணத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

"பிழைக்க வந்த ஊர், இங்கே நமக்கென்ன?" என்ற பேச்சு நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. என் கருத்து வேறு. நம் வீட்டுக் கழிவுநீர், இது தமிழர் வீட்டுடையது, இது வங்காளி வீட்டுடையது என்று பிரிந்து போவதில்லை. அதை ஏற்றுக்கொண்டு உணவாகத் திருப்பித் தரும் குளங்களுக்கு நாமும் கடன்பட்டவர்களே. சங்கத்தின் அடுத்த குளிர்காலச் சுற்றுலாவை அந்தப் பேரிகளின் கரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பிள்ளைகளுக்குப் பாடமாகவும் இருக்கும், பெரியவர்களுக்கு எதைக் காக்க வேண்டும் என்பதும் புரியும்.