ஏஜென்சி ஆளா, அரசு நர்ஸா? படுக்கையில் இருக்கும் பெரியவரை யாரை நம்பி விடுவது?

பக்கவாதம் வந்து, வார்டில் பத்து நாள் இருந்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆகும் பெரியவர்களின் பிள்ளைகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

"சார், வீட்ல வச்சுப் பார்க்க ஆள் போடலாமா? இல்ல, கவர்மெண்ட்லயே வீட்டுக்கு வந்து பார்ப்பாங்கன்னு சொல்றாங்களே, அதுவே போதுமா?"

வார்டில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் வயதானவர் இருக்கும் எல்லோரும் படிங்க.

முதலில் என் கருத்து.

அரசு இலவசமாகச் செய்து தருவதற்குக் காசு கொடுக்காதீங்க. காசு கொடுத்தால் மட்டுமே கிடைப்பதை அரசு செய்யும் என்று காத்திருக்காதீங்க.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நம்ம மாவட்டத்தில் பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

சரி, அரசு என்ன தருகிறது?

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். அது ஒரு பகுதி மட்டுமே. நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி, நாள்பட்ட நோயில் படுத்திருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள், இவையும் அதே திட்டத்தில் உண்டு.

திட்டத்தின் அமைப்புப்படி ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ். யூரின் டியூப் மாற்றுவது, மூக்கு வழி உணவுக் குழாயைப் பார்ப்பது, படுக்கைப்புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருவது, இதெல்லாம் அந்த நர்ஸின் வேலை. கட்டணம் கிடையாது.

புற்றுநோய் வலி இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்க. மார்ஃபின் மாத்திரையை எந்த ஏஜென்சி ஆளும் வாங்கித் தர முடியாது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வழியாக, டாக்டர் சீட்டில் அது கிடைக்கிறது. "வலியைத் தாங்கிக்கத்தான் வேணும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்பாதீங்க.

இப்போது அரசுத் திட்டத்தால் செய்ய முடியாதது.

2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். ஒன்றியங்கள் 13. சராசரியாகப் பார்த்தால் லட்சம் பேருக்கும் மேல் ஒரே நர்ஸ். கறம்பக்குடி பக்கம் ஒரு வீடு, அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த வீடு. அந்தம்மா எவ்வளவு ஓடினாலும் உங்கள் வீட்டுக்கு எப்போதோ ஒருமுறைதான் வர முடியும். வந்தால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம்.

ஆனால் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். ராத்திரியும் திருப்பணும். டியூப் வழியாகச் சாப்பாடு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைக்கணும், கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும். இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மலஜலம் போனால் உடனே சுத்தம் செய்யணும். இதற்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும். எந்த அரசுத் திட்டத்திலும் இன்று அந்த ஆள் இல்லை.

ஏஜென்சி உங்களுக்குத் தருவது அந்த ஆளின் நேரத்தைத்தான். அதற்கு விலை உண்டு. கொடுக்க வசதி இருந்தால் கொடுப்பதில் தப்பே இல்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், நேரத்தை வாங்கிவிட்டு மருத்துவத்தையே வாங்கிவிட்டதாக நினைப்பதில்.

ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். மகன் சிங்கப்பூரில். அம்மாவுக்கு ஸ்ட்ரோக். போனிலேயே பேசி "ஹோம் நர்ஸ்" ஏற்பாடு செய்துவிட்டார். மாதா மாதம் பணம் சரியாகப் போனது. மூன்று மாதம் கழித்து அந்த அம்மா எங்களிடம் வந்தபோது இடுப்புக்குக் கீழே எலும்பு தெரியும் அளவுக்குப் புண். வந்திருந்த பெண் நர்ஸ் இல்லை. நர்ஸிங் படித்ததே இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பகலும் இரவும் ஒரே ஆளாக, யாரும் எதுவும் சொல்லித் தராமல் வேலை பார்த்திருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் அரசு நர்ஸை அந்த வீட்டுக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. "அதான் நர்ஸ் போட்டிருக்கோமே" என்பது மகனின் நினைப்பு.

அதனால் ஏஜென்சியிடம் ஆள் எடுப்பதற்கு முன் இதெல்லாம் கேளுங்க.

1. வருபவர் நர்ஸா, பராமரிப்பு உதவியாளரா? நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்க. உதவியாளர் என்றால் ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, டியூப் மாற்றுவது எதையும் அவரிடம் செய்யச் சொல்லாதீங்க.

2. இரவில் யார் விழித்திருப்பது? ஒரே ஆள் 24 மணி நேரமும் பார்ப்பார் என்று சொன்னால், இரவில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

3. அவர் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? எழுத்தில் வாங்குங்க. பொங்கல், தீபாவளிக்கும் சேர்த்து.

4. அட்வான்ஸ் எவ்வளவு, திரும்ப வருமா? ரசீது உண்டா? ஆளின் அடையாளச் சான்று உங்களிடம் இருக்கா?

5. தொகையை ஒரு மாதத்துக்குப் பார்க்காதீங்க, ஒரு வருடத்துக்குப் பாருங்க. மாதம் 20,000 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 2,40,000. படுக்கையில் இருப்பவருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தேவைப்படலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் 5 லட்சம் இருக்கே என்று கேட்பவர்களுக்கு: அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. வீட்டு ஆள் சம்பளத்துக்கு வராது.

வட்டிக்கு வாங்கியோ நகையை வைத்தோ ஆறு மாதத்துக்கு முழுநேர ஆள் போட்டுவிட்டு, ஏழாவது மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட, பகலில் நான்கைந்து மணி நேரம் மட்டும் ஆள் வைத்து இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பது நல்லது. முதல் இரண்டு வாரம் அந்த ஆளோடு நீங்களும் கூட இருந்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்க.

இன்னொரு விஷயத்தையும் பேசணும்.

அரசா தனியாரா என்று ஆண்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குள் முடிவு ஏற்கெனவே நடந்திருக்கும். மருமகள் பார்த்துக்கொள்வாள், இல்லாவிட்டால் மகள். நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்துவாள், தையல் மிஷினை மூடி வைப்பாள். ராத்திரி தூக்கம் போகும். மாமனாரைத் தூக்கித் தூக்கி முதுகுவலியோடு எங்கள் ஓபிக்கு வருவாள். "வீட்ல சும்மாதான் டாக்டர் இருக்கேன்" என்பாள்.

இது இலவசம் இல்லைங்க. செலவை அவள் தனியாகக் கட்டுகிறாள், அவ்வளவுதான். ஏஜென்சி வேண்டாம் என்று முடிவெடுத்தால் மகன்களும் ராத்திரி முறை போட்டுத் திருப்பிப் படுக்க வைக்கணும். அப்பாவின் கழிவைச் சுத்தம் செய்வதில் ஆண்பிள்ளைக்கு என்ன குறைச்சல்?

அரசு ஊழியனாக இருந்துகொண்டே அரசிடமும் ஒன்று சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். இப்போது இன்னும் கூடுதல். நம்ம மாவட்டத்தில் பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வளைகுடா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். வீட்டில் இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். லட்சம் பேருக்கு ஒரு நர்ஸ் என்பது நல்ல தொடக்கம். அதோடு நின்றுவிடக் கூடாது.

பக்கத்துக் கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, 2008இல் மாநிலக் கொள்கையானது. அங்கே உள்ளாட்சி அமைப்புகள் வழியாக நர்ஸ் வீட்டுக்குப் போகிறார், ஊர்த் தன்னார்வலர்களும் கூடப் போகிறார்கள். ஜெர்மனியில் 1995 முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கும் அதில் பணம் கிடைக்கும். நம்மிடம் ஏற்கெனவே ஊர் ஊராக மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போலவே உள்ளூர்ப் பெண்களுக்குப் பராமரிப்புப் பயிற்சி கொடுத்து, நியாயமான சம்பளமும் கொடுத்து, வாரத்தில் சில மணி நேரமாவது இந்த வீடுகளுக்கு அனுப்பலாம். ஏஜென்சி ஆட்களின் தகுதிக்கும் கட்டணத்துக்கும் ஒரு வரைமுறை கொண்டு வரலாம். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் ரோடு, குடிநீரோடு இதையும் கேளுங்க.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது:

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே "மக்களைத் தேடி மருத்துவத்தில் பதியணும்" என்று வார்டில் சொல்லுங்க. வீட்டுக்குப் போனதும் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலோ, தன்னார்வலரிடமோ டிஸ்சார்ஜ் சீட்டின் ஜெராக்ஸைக் கொடுங்க. ஆள் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை நேரில் பாருங்க. 104க்கும் போன் பண்ணலாம்.

பிசியோதெரபியைத் தள்ளிப் போடாதீங்க. பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் அதிகம் தேறுவது முதல் சில மாதங்களில்தான்.

நிலை ஓரளவு நிலைத்த பிறகும் ஊனம் கடுமையாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பியுங்க. 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு வழி உண்டு. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க.

ஏஜென்சி ஆள் வைத்தாலும் அரசு நர்ஸ் வருவதை நிறுத்தாதீங்க. நர்ஸ் வரும் நாளில் ஏஜென்சி ஆளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்க. புண் இருக்கிறதா என்று முதுகையும் குதிகாலையும் இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் அம்மா முகத்தை மட்டும் பார்க்காமல், முதுகு எப்படி இருக்கு என்றும் கேளுங்க.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்க.



அரசு மருத்துவர்,
புதுக்கோட்டை மாவட்டம்