ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதிய விதி

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லாப்லாஸ் பழகிய பெயர். சுழலும் வாயு மேகம் ஒன்று சுருங்கித்தான் சூரியனும் கோள்களும் உண்டாயின என்று 1796-லேயே எழுதியவர். அந்த அடிப்படை இன்றும் நிற்கிறது. ஆட்டம் கண்டது, பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கட்டிய ஒரு விதி.

சூரியனுக்கு அருகே வெப்பம் அதிகம், பனிக்கட்டி தங்காது. எனவே அங்கே சிறிய பாறைக் கோள்கள்தாம். தொலைவில் பனியும் சேர்ந்து பெரிய கரு உண்டாகி, வாயுவை இழுத்து வியாழன் போன்ற பூதமாகும். ஆகவே எங்கும் சிறியது உள்ளே, பெரியது வெளியே. இதுதான் அந்த விதி.

1995-ல் மிஷெல் மயோரும் திதியே கெலோவும் தெற்கு பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் வானாய்வகத்திலிருந்து 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் சிறு தள்ளாட்டத்தை அளந்தார்கள். அதைச் சுற்றும் கோளின் எடை வியாழனில் பாதியாவது இருக்கும். ஆனால் ஒரு சுற்றுக்கு நாலேகால் நாள்தான்! நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது. இருவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நண்பர்களே, என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. பெரிய கோள் நட்சத்திரத்தை ஒட்டியும் சுற்றலாம், அளந்து பாருங்கள் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952-லேயே எழுதிவிட்டார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டு என்பதால், மற்ற இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள்.

அந்தக் கோள் தொலைவில் பிறந்து, பிறகு உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே இன்று பலரின் கருத்து. நம் வியாழனும் சனியும்கூட ஆதியில் இடம் மாறியவை என்கிறது 2005-ல் வெளியான 'நீஸ் மாடல்'. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமனுள்ள கோள்கள் மற்ற நட்சத்திரங்களில் ஏராளம். நம்மிடம் ஒன்றுகூட இல்லை.

ஒரே ஒரு கோப்பைப் பார்த்துவிட்டு எல்லா மனுக்களுக்கும் ஒரே உத்தரவு போடும் குமாஸ்தாவை யாரும் மெச்ச மாட்டார்கள். பள்ளியில் சூரியக் குடும்பத்தின் படத்தை மட்டும் காட்டி நிறுத்துவதும் அப்படித்தான். பக்கத்தில் 51 பெகாசியின் படத்தையும் போடுங்கள். நம் வீடு பல வீடுகளில் ஒன்று என்பதைப் பிள்ளைகள் பத்து வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.